முதல் ஆடிட்டிலிருந்து முதல் ஆய்வு வரை: சிங்கப்பூர் மருத்துவமனைக்குப் புதிதாக வரும் மருத்துவர்களுக்கு

சிங்கப்பூரில் மெடிக்கல் ஆபீசர் எனப்படும் இளநிலை மருத்துவர்களுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை பணியிடம் மாறும். ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று. துறை மாறும், பல நேரம் மருத்துவமனையும் மாறும். படிப்பு முடித்து முதலாண்டில் இருக்கும் ஹவுஸ் ஆபீசர்களுக்கு இன்னும் குறைவு. ஓரிடத்தில் நான்கு மாதம்தான். ஆடிட் என்கிற மருத்துவத் தணிக்கையைத் தொடங்கும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது இந்த நாள்காட்டியைத்தான். அதைப் பார்க்காமல் தொடங்கியவைதான் துறைக் கணினிகளில் ‘இறுதி’, ‘புதிய இறுதி’, ‘உண்மையான இறுதி’ என்ற பெயர்களோடு அரைகுறையாகக் கிடக்கின்றன.

உள்ளூரில் படித்து முடித்தவரோ, பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பட்டம் பெற்றுத் திரும்பியவரோ, சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ தற்காலிகப் பதிவில் ஃபெல்லோவாக வந்திருப்பவரோ, யாராக இருந்தாலும் வேலையில் சேர்ந்த சில வாரங்களில் ஒரு கேள்வி காதில் விழும்: “என்ன புராஜெக்ட் செய்கிறீர்கள்?” ரெசிடென்சி என்னும் சிறப்புத் துறைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போதும் அதே கேள்வி வரும். பயிற்சிக்குள் நுழைந்த பிறகும் தர மேம்பாட்டுப் பணியோ ஆய்வோ செய்து காட்ட வேண்டியிருக்கும்.

பதற்றத்தில் பலர் செய்வது, பெரிய பேராசிரியர் ஒருவரின் பெரிய ஆய்வில் பதினான்காவது ஆளாகப் போய் ஒட்டிக்கொள்வது. ஓராண்டு முழுக்க எண்களைத் தட்டச்சு செய்துவிட்டு, ஆய்வின் கேள்வி என்ன என்று கேட்டால் விழிப்பார்கள். என் பரிந்துரை வேறு. முதல் வேலை ஆய்வாக இருக்க வேண்டாம். சிறிய ஆடிட்டாக இருக்கட்டும். ஆனால் இரண்டு முறை அளந்ததாக இருக்கட்டும். முதல் அளவைக்கும் இரண்டாம் அளவைக்கும் நடுவில்தான் பெரும்பாலான ஆடிட்டுகள் உயிரை விடுகின்றன. அந்த இடத்தைக் கடந்தவருக்கு ஆய்வு செய்யத் தேவையான பாதிப் பழக்கங்கள் கைக்கு வந்துவிடும்.

ஆடிட்டா, ஆய்வா?

செய்ய வேண்டியது இன்னது என்று ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அதைச் செய்கிறோமா என்று பார்ப்பது ஆடிட். செய்ய வேண்டியது எது என்றே தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க முயல்வது ஆய்வு. நீரிழிவு நோயாளிகளின் பாதத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது தெரிந்த விஷயம். நம் கிளினிக்கில் எத்தனை பேருக்குப் பார்த்தோம் என்று எண்ணினால் அது ஆடிட். ஆறு மாதத்திற்கு ஒருமுறை பார்த்தால் புண்கள் குறையுமா என்று கேட்டால் அது ஆய்வு. தர மேம்பாட்டுப் பணி ஆடிட்டுக்கு நெருங்கிய உறவு. அங்கே அளப்பதைவிட மாற்றுவதில்தான் அழுத்தம் அதிகம். நடைமுறையில் நல்ல ஆடிட் எல்லாம் தர மேம்பாட்டில்தான் போய் முடிகிறது என்பதால், இரண்டுக்கும் நடுவில் கோடு போடுவதில் நான் நேரம் செலவிடுவதில்லை.

ஆனால் ஆடிட்டுக்கும் ஆய்வுக்கும் நடுவில் உள்ள கோட்டைச் சரியாகப் போட்டே ஆக வேண்டும். ஏனென்றால் அந்தக் கோட்டுக்கு அப்பால் சட்டம் காத்திருக்கிறது. சிங்கப்பூரில் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் 2015ல் நிறைவேறியது. ஆய்வுகளை நேரடியாகக் கட்டுப்படுத்தும் பகுதிகள் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் ஆய்வை நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது. மருந்துச் சோதனை என்றால் சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதிகளும் சேர்ந்துகொள்ளும்.

தலைப்பை எங்கே தேடுவது?

ஆய்விதழ்களில் தேட வேண்டாம். இரவுப் பணியில் தேடுங்கள். ஒரே எரிச்சல் மூன்று முறை வந்தால் அது தலைப்பு. விடியற்காலை மூன்று மணிக்கு எதற்காக அழைக்கிறார்கள்? காலைச் சுற்றில் எந்தத் தாள் எப்போதும் காணாமல் போகிறது? எந்த ரத்தப் பரிசோதனை எவரும் பார்க்காமலே தினமும் எடுக்கப்படுகிறது?

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன்: பிளக். ரத்த நாளத்தில் செருகும் சிறு கேனுலாவை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஹவுஸ் ஆபீசரின் இரவில் பாதி, புதுப் பிளக் போடுவதிலேயே போகும். ஆனால் வார்டில் நடந்து பார்த்தால் வேறொன்றும் கண்ணில் படும். டிரிப் நின்று இரண்டு நாளாகியிருக்கும், மருந்தெல்லாம் மாத்திரைக்கு மாறியிருக்கும். பிளக் மட்டும் கையிலேயே இருக்கும். சுற்றிலும் தோல் சிவந்திருக்கும். மேலே ஒட்டிய படலத்தில் தேதி எழுதும் கட்டம் வெறுமையாக இருக்கும். தேவையில்லாத பிளக்கை உடனே எடுத்துவிட வேண்டும் என்பதில் உலகில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் 2011 வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. உங்கள் மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் கொள்கையிலும் அது இருக்கும். விதி தெளிவு, மீறல் கண்ணுக்குத் தெரிகிறது, அளக்கப் பணம் தேவையில்லை. முதல் ஆடிட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தவிர்க்க வேண்டிய தலைப்புகளும் உண்டு. ஆண்டுக்கு நான்கு முறை மட்டுமே நடக்கும் அறுவைச் சிகிச்சை, விளைவு தெரிய ஐந்து ஆண்டு ஆகும் புற்றுநோய்ச் சிகிச்சை, வேறொரு துறையின் குறையை அம்பலப்படுத்துவது. கடைசி வகை தலைப்பு சுவையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் துறையின் கையெழுத்து இல்லாமல் எதையும் மாற்ற முடியாது. எதிரிகள் மட்டும் கிடைப்பார்கள்.

மேற்பார்வையாளரைப் பிடித்தல்

துறைத் தலைவர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் கன்சல்டன்ட் என்னும் மூத்த சிறப்பு மருத்துவர் ஆனவர், அல்லது அதற்கு ஒரு படி கீழே உள்ள அசோசியேட் கன்சல்டன்ட் ஒருவர் போதும். அவருக்கும் இந்தப் பணி பயன்படும் என்பதால் மின்னஞ்சலுக்குப் பதில் வரும். அவரிடம் “ஏதாவது புராஜெக்ட் இருக்கிறதா, டாக்டர்?” என்று போய் நிற்காதீர்கள். ஒரு பக்கத் தாளுடன் போங்கள்: பிரச்சினை இன்னது, விதி இன்னது, எப்படி அளக்கப் போகிறேன், எந்த வாரம் எதை முடிப்பேன்.

அவருக்கு நிகரான இன்னொருவர் வார்டின் மூத்த தாதி. நம் எடுத்துக்காட்டில் பிளக்கை எடுக்கப் போவது தாதியர்தான். எண்ணி முடித்து, வரைபடம் போட்டு, கடைசியில் அவரிடம் போய், “உங்கள் வார்டில் முப்பது விழுக்காடு தவறு, சிஸ்டர்” என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. முதல் வாரமே போய்க் கேளுங்கள். ஏன் எடுக்காமல் விடுகிறார்கள் என்பதற்கான உண்மையான காரணம் அவரிடம்தான் இருக்கும். “எடுத்துவிட்டால் மாலையில் மருத்துவர் வந்து ஊசி மருந்து எழுதுவார். மறுபடியும் அந்தப் பாட்டியின் கையை நான்கு இடத்தில் குத்துவீர்கள்” என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் உங்கள் ஆடிட்டின் பாதி விடை இருக்கிறது.

அனுமதி

இது வறண்ட பகுதி, விரைவாகக் கடந்துவிடலாம். ஆனால் தாண்டிக் குதிக்கக் கூடாது. சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகள் மூன்று குழுமங்களில் அடங்கும். சிங்ஹெல்த் குழுமத்தில் ஆய்வு விண்ணப்பங்களைப் பார்ப்பது சிஐஆர்பி எனப்படும் மைய நெறிமுறைக் குழு. தேசியச் சுகாதாரப் பராமரிப்புக் குழுமத்திலும் தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் குழுமத்திலும் அதே வேலைக்கு டிஎஸ்ஆர்பி என்ற பெயர் காதில் விழும். ஆடிட்டுக்கு முழு விண்ணப்பம் பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் ‘தேவையில்லை’ என்று முடிவு செய்யும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. தரவு எடுப்பதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். விலக்கு என்றால் அதையும் எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். முடிவுகள் நன்றாக வந்துவிட்டன, இப்போது ஆய்விதழுக்கு அனுப்பலாம் என்று பின்னால் தோன்றும்போது இதழாசிரியர் கேட்கும் முதல் தாள் அதுதான். முன்தேதியிட்டு எந்தக் குழுவும் ஒப்புதல் தராது.

ஆய்வுப் பக்கம் போகும் எண்ணம் சிறிதளவாவது இருந்தால், சிஐடிஐ இணையப் பயிற்சியையும் ஜிசிபி எனப்படும் நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைப் பயிற்சியையும் இப்போதே முடித்து வையுங்கள். ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சிஐடிஐ தொகுதிகளில் பெரும்பகுதியை ஓட்டிவிடலாம். விண்ணப்பம் போடும் வாரத்தில் சான்றிதழ் இல்லாமல் அலைவது வீண் அவதி.

தரவு: அட்டவணையும் பூட்டும்

ஒரு வரியில் ஒரு பிளக். நெடுவரிசைகள் எட்டைத் தாண்ட வேண்டாம்: குறியீட்டு எண், வார்டு, தேதி, பிளக் இருக்கும் இடம், படலத்தில் தேதி எழுதப்பட்டிருக்கிறதா, கடந்த 24 மணி நேரத்தில் பயன்பட்டதா, அடுத்த 24 மணி நேரத்தில் தேவைப்படும் என்று குறிப்பில் இருக்கிறதா, தோல் சிவந்திருக்கிறதா. அவ்வளவுதான். வயது, பாலினம், சர்க்கரை அளவு, உட்கொள்ளும் மருந்துகள் என்று ‘எதற்கும் இருக்கட்டும்’ என சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். கேள்விக்கு விடை தராத நெடுவரிசை ஒவ்வொன்றும் கூடுதல் வேலை, கூடுதல் பிழை, கூடுதல் ஆபத்து.

‘பயன்பட்டது’ என்றால் என்ன என்பதைத் தொடங்கும் முன் எழுதி வையுங்கள். அடைப்பு வராமலிருக்க உப்புநீர் செலுத்தியது பயன்பாடா? வலிப்பு வரக்கூடியவருக்கு முன்னெச்சரிக்கையாக வைத்திருப்பது தேவையில் சேருமா? நீங்களும் இன்னொருவரும் அதே பத்து நோயாளிகளைத் தனித்தனியாகப் பார்த்து எழுதி ஒப்பிடுங்கள். இருவர் விடையும் ஒத்துப்போகவில்லை என்றால் வரையறை சரியில்லை என்று பொருள். நோயாளிகளில் தவறில்லை.

அடையாள அட்டை எண் அந்த அட்டவணையில் இருக்கவே கூடாது. பெயரும் கூடாது. குறியீட்டையும் நோயாளியையும் இணைக்கும் தாள் வேண்டுமென்றால் அது வேறொரு கோப்பில், மருத்துவமனையின் பாதுகாப்பான கணினியில் இருக்கட்டும். சொந்த மடிக்கணினி, வாட்ஸ்அப் குழு, பையில் கிடக்கும் யூஎஸ்பி எதுவும் வேண்டாம். 2018ல் சிங்ஹெல்த் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்களைக் களவாடினார்கள். அவர்களில் ஏறத்தாழ 160,000 பேரின் வெளிநோயாளி மருந்து விவரங்களும் போயின, அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் அதில் அடக்கம். தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் விதித்த அபராதம் சிங்ஹெல்த்துக்கும் அதன் கணினிகளைப் பராமரித்த நிறுவனத்துக்கும் சேர்த்து ஒரு மில்லியன் வெள்ளி. அதன் பிறகு இங்கே எவரும் நோயாளித் தரவை இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. இன்னொன்று: மின்னணுப் பதிவேட்டை யார், எப்போது திறந்தார்கள் என்பது பதிவாகிக்கொண்டே இருக்கிறது. உங்கள் பராமரிப்பில் இல்லாத நோயாளியின் பதிவைத் திறக்கிறீர்கள் என்றால், அதற்கான அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

கூகுள் படிவத்தைவிட ரெட்கேப் என்ற ஆய்வுத் தரவு மென்பொருள் நல்லது. பல நிறுவனங்களில் அது இருக்கிறது; யார் எதைத் திருத்தினார்கள் என்பதையும் அதுவே வைத்துக்கொள்ளும்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் 50 பிளக் பார்த்தீர்கள், 15 தேவையில்லாமல் இருந்தன. 30 விழுக்காடு. வார்டில் பேசினீர்கள், சில மாற்றங்கள் செய்தீர்கள். இரண்டாம் சுற்றில் 50ல் 8. அதாவது 16 விழுக்காடு. ‘பாதியாகக் குறைத்தோம்!’ என்று சுவரொட்டியில் பெரிய எழுத்தில் போடக் கை துறுதுறுக்கும்.

பொறுங்கள். 50ல் 15 என்றால், 95 விழுக்காடு நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விழுக்காடு இருக்கக்கூடிய எல்லை, ஏறத்தாழ 19 முதல் 44 வரை நீளும். இரண்டு சுற்றுகளையும் ஒப்பிட்டால் பி மதிப்பு ஏறத்தாழ 0.1. வெறும் தற்செயலால் இந்த வேறுபாடு வந்திருக்கலாம் என்பதை உங்களால் மறுக்க முடியாது. 30லிருந்து 16ஆகக் குறைந்ததை 80 விழுக்காடு வாய்ப்புடன் பிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 140 பிளக் பார்த்திருக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தொடங்கும் முன் போட்டவர் 140 பார்ப்பார். பின்னால் போட்டவர் சாக்குத் தேடுவார். உங்கள் குழுமத்தில் புள்ளியியல் ஆலோசகர் நிச்சயம் இருப்பார். அட்டவணை வெறுமையாக இருக்கும்போதே அவரைப் போய்ப் பாருங்கள். முடிந்த பிறகு போனால், பாவம், அவரால் என்ன செய்ய முடியும்?

இரண்டு பெரிய சுற்றுகளுக்குப் பதிலாக எனக்குப் பிடித்த வழி வாராந்தர எண்ணிக்கை. ஒவ்வொரு புதன்கிழமையும் 20 பிளக். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஐந்தாம் வாரத்திலிருந்து பத்தாம் வாரம் வரை எதையும் மாற்றாமல் எண்ணுங்கள். பதினோராம் வாரம் மாற்றத்தைக் கொண்டுவந்து, இருபத்திரண்டு வரை எண்ணிக்கொண்டே போங்கள். கோட்டு வரைபடத்தில் முதல் ஆறு புள்ளிகளின் இடைநிலைக் கோட்டை, அதாவது நடு மதிப்பின் கோட்டை, போடுங்கள். மாற்றத்திற்குப் பின் தொடர்ச்சியாக ஆறு புள்ளிகள் அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்தால், தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத மாற்றம் நடந்திருக்கிறது. வார்டு தாதியருக்கும் இந்த வரைபடம் பார்த்த மாத்திரத்தில் புரியும். பி மதிப்பு எவருக்கும் புரியாது, சில கன்சல்டன்ட்டுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் நான்கு வாரம் தலைப்பு, மேற்பார்வையாளர், அனுமதி. கடைசி நான்கு வாரம் எழுத்து. ஆறு மாதத்திற்குள் அடங்கிவிட்டது பாருங்கள்.

மாற்றம்: சுவரொட்டியை மறந்துவிடுங்கள்

ஆடிட் முடிவில் ‘விழிப்புணர்வை அதிகப்படுத்தப் போதனை வகுப்பு நடத்தினோம், சுவரொட்டி ஒட்டினோம்’ என்று எழுதாத ஆளே இல்லை. சுவரொட்டி இரண்டு வாரத்தில் சுவரோடு சுவராகிவிடும். வகுப்பில் உட்கார்ந்திருந்த மெடிக்கல் ஆபீசர்கள் ஜூலையில் வேறு மருத்துவமனையில் இருப்பார்கள். மனிதரின் நினைவை நம்பும் மாற்றம் இந்த ஊரின் இடமாற்றச் சுழற்சியில் நிற்காது.

நிற்பது எது? பிளக்கை எடுக்க மருத்துவரின் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, இன்னின்ன நிபந்தனைகளில் தாதியே எடுக்கலாம் என்ற எழுத்து விதி. காலைச் சுற்றுக் குறிப்பின் வார்ப்புருவில் ‘பிளக் தேவையா?’ என்று ஒரு வரி. மருந்தை மாத்திரைக்கு மாற்றும்போதே கணினி கேட்கும் ஒரு கேள்வி. கடைசியாகச் சொன்னதற்குத் தகவல் தொழில்நுட்பக் குழுவின் வரிசையில் மாதக் கணக்கில் நிற்க நேரலாம். முதல் இரண்டும் உங்கள் காலத்திற்குள் முடியும். மூத்த தாதி சொன்ன காரணம் நினைவிருக்கிறதா? மாலையில் ஊசி மருந்து எழுதப்படும் என்ற அச்சம். அதற்கு விடை, காலைச் சுற்றிலேயே அன்றைய நாளின் ஊசி மருந்துத் திட்டத்தை மருத்துவர் சொல்லிவிடுவது. போதனை வகுப்பு எத்தனை நடத்தினாலும் அது நடக்காது.

பணியிடம் மாறும் வாரத்தில், அடுத்து வரும் மெடிக்கல் ஆபீசரிடம் கோப்பை ஒப்படையுங்கள்: வரையறைத் தாள், வெறும் அட்டவணை, அனுமதிக் கடிதம், வரைபடம். அவர் பெயர் அடுத்த சுற்றின் சுருக்கத்தில் வரும் என்று சொன்னால் கோப்பைத் தொலைக்க மாட்டார்.

ஆய்வு என்னும் அடுத்த கட்டம்

ஆடிட்டின் நடுவில் ஒரு கட்டத்தில் விதிப் புத்தகத்தில் விடையில்லாத கேள்வி ஒன்று தலைகாட்டும். ‘எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முன்கையில் போட்டால் அதிக நாள் தாங்குமா?’ அங்கேதான் ஆய்வு தொடங்குகிறது. யாரிடம், எதை, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவைப் பார்க்கப் போகிறோம் என்ற நான்கையும் ஒரே வாக்கியத்தில் அடக்க முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை.

நல்ல கேள்விக்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. 1956ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கியபோது, நோயாளிகளைச் சானடோரியத்தில் சேர்த்து மாதக் கணக்கில் படுக்க வைப்பதே முறையான சிகிச்சை என்று உலகம் நம்பியது. அத்தனை பேருக்கும் படுக்கைக்கு எங்கே போவது? மையத்தார் கேட்டது ஒன்றே ஒன்று: அதே மருந்தை வீட்டிலிருந்தபடி சாப்பிட்டால் போதாதா? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் வீட்டுக்கும் சானடோரியத்துக்குமாகப் பிரித்து ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கமான வீடுகளில், போதாத சாப்பாட்டில் இருந்தவர்களுக்கும் குணமடைவதில் பெரிய வேறுபாடில்லை; வீட்டிலிருந்த குடும்பத்தாருக்கும் கூடுதல் ஆபத்து இல்லை. 1959ல் முதல் முடிவுகள் வெளிவந்தன. காசநோய்ச் சிகிச்சையின் போக்கே மாறியது. பின்னர் சிங்கப்பூர்க் காசநோய்ச் சேவையும் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றமும் சேர்ந்து இங்கே நடத்திய சோதனைகள், இன்று நாம் எழுதும் ஆறு மாதச் சிகிச்சை உருவாகக் கைகொடுத்தன. இரண்டு ஊர்களிலும் கேள்வி கிளினிக்கின் வாசலிலிருந்து வந்தது. கருவியோ நிதியோ அதற்குப் பிறகு வந்தவை.

முதல் ஆய்வுக்கு நீங்கள் குலுக்கல் சோதனை நடத்தப் போவதில்லை. பழைய பதிவுகளைப் பின்னோக்கிப் பார்க்கும் ஆய்வு போதும். அதிலும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், முன்கூட்டியே எழுதிய பகுப்பாய்வுத் திட்டம் இரண்டும் வேண்டும். ஒற்றை நோயாளியைப் பற்றிய நிகழ்வறிக்கை எளிது என்று நினைப்பார்கள். அதற்கு அந்த நோயாளியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும், அவர் வீடு திரும்பும் முன்பே வாங்கிவிடுங்கள். முறையான இலக்கிய மீளாய்வு என்றால் தொடங்கும் முன் பிராஸ்பெரோ பதிவேட்டில் பதியுங்கள்.

தமிழில் சம்மதம் வாங்குவது

தமிழ் பேசும் மருத்துவர் என்றால், எந்தத் துறையில் இருந்தாலும் ஒருநாள் உங்களைக் கூப்பிடுவார்கள். “இந்தப் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, கொஞ்சம் வந்து பேசுங்கள்.” போங்கள். ஆனால் எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போங்கள்.

தாளை எடுத்து முதல் பத்தியை விளக்கி முடிப்பதற்குள் அவர், “நீங்கள் சொன்னால் சரிதான் தம்பி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?” என்பார். அந்த நம்பிக்கை நமக்கு இனிக்கும். ஆனால் அது சம்மதம் ஆகாது. பேனாவைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு கேளுங்கள்: “அம்மா, இதில் சேரவில்லை என்றால் உங்கள் சிகிச்சைக்கு என்ன ஆகும்?” பத்தில் பாதிப் பேர், “டாக்டர் கோபித்துக்கொள்வாரோ?” என்ற பொருளில்தான் ஏதாவது சொல்வார்கள். அங்கிருந்து மறுபடி தொடங்க வேண்டும். சேராவிட்டாலும் இதே கிளினிக், இதே மருந்து, இதே மருத்துவர் என்பதை அவரே தம் வாயால் திருப்பிச் சொல்லும் வரை கையெழுத்து வேண்டாம். அருகில் நிற்கும் மகன், “நான் சொல்லிக்கொள்கிறேன், போடச் சொல்லுங்கள்” என்று அவசரப்படுத்தினால், மரியாதையாக, “அண்ணே, அம்மா முடிவு செய்யட்டும்” என்று சொல்லிவிடுங்கள். சட்டத்தின் கீழ் வரும் ஆய்வுகளுக்குப் பொதுவாகச் சாட்சி ஒருவர் முன்னிலையில் எழுத்தில் சம்மதம் பெற வேண்டும். அந்தச் சாட்சிக்கும் நீங்கள் பேசிய மொழி புரிந்தால்தான் சாட்சிக்குப் பொருள் உண்டு. உங்கள் நேரடி நோயாளி என்றால் வேறொரு குழு உறுப்பினர் சம்மதம் கேட்பது இன்னும் நல்லது.

ஆங்கிலம் தெரியாதவர்களைச் சேர்க்காமல் விடுவது ஆய்வாளருக்கு வசதிதான். மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம். ஆனால் யார் விடுபடுகிறார்கள்? வயதான தமிழ்ப் பெண்கள், ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி மட்டும் பேசும் தாத்தாக்கள், மலாய் மூதாட்டிகள். நீரிழிவும் இதய நோயும் அதிகம் உள்ள கூட்டம் அதுதான். 2007 முதல் 2009 வரை நடந்த சிங்கப்பூர் இந்தியர் கண் ஆய்வில் 40 வயதுக்கு மேற்பட்ட 3,400 இந்தியர்கள் கலந்துகொண்டார்கள். மலாய்க்காரர், சீனர் ஆய்வுகளோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் இனவாரியான வேறுபாடுகள் வெளியே தெரிந்தன. விண்ணப்பத்தில் ‘ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் மட்டும்’ என்ற நிபந்தனையைக் கண்டால், ஏன் என்று கேளுங்கள். தமிழ் வடிவத்தைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் உங்கள் பெயரைக் கொடுங்கள்.

யார் பெயர், எந்த வரிசையில்

தொடங்கும் நாளிலேயே எழுதிவிடுங்கள். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நெறி இது: ஆய்வை வடிவமைப்பதிலோ தரவைத் திரட்டிப் பகுப்பாய்வதிலோ கணிசமான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ அறிவார்ந்த பங்கு, இறுதி வடிவத்திற்கு ஒப்புதல், முழுப் பணிக்கும் பொறுப்பேற்பு. நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். துறைத் தலைவர் என்பதற்காக எவர் பெயரையும் கடைசியில் ஒட்டுவது மரியாதை அல்ல. மாறாக, இரவெல்லாம் அட்டவணை நிரப்பிய ஹவுஸ் ஆபீசரை நன்றியுரையில் அடக்கிவிடுவதும் நியாயமல்ல. அவருக்கும் வரைவை அனுப்பித் திருத்தக் கேளுங்கள், நான்கு தகுதியும் வந்துவிடும்.

எழுதும்போது வகைக்கேற்ற சரிபார்ப்புப் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள்: தர மேம்பாட்டுப் பணிக்கு ஸ்கொயர், பின்னோக்கிய ஆய்வுக்கு ஸ்ட்ரோப். முதலில் குழும அளவிலான மாநாட்டுச் சுவரொட்டி, பிறகு கட்டுரை. சிங்கப்பூர் மருத்துவ இதழ் 1960 முதலும், மருத்துவக் கழகத்தின் அன்னல்ஸ் 1972 முதலும் வருகின்றன. உள்ளூர்ப் பிரச்சினைக்கு உள்ளூர் இதழே பொருத்தம். “மதிப்புக்குரிய பேராசிரியரே” என்று ஹவுஸ் ஆபீசரை அழைத்து, மூன்று நாளில் வெளியிடுவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள்.

இதற்கு மேல்

ஆய்வு பிடித்துப்போனவர்களுக்குப் பாதை தெளிவாகவே இருக்கிறது. தேசிய மருத்துவ ஆய்வு மன்றம் 1994 முதல் நிதி தருகிறது. ஆய்வுப் பட்டம் படிக்கப் பயிற்சி ஃபெல்லோஷிப், பிறகு சொந்தக் காலில் நிற்கத் தொடங்குபவருக்கு இடைநிலை விருது, அதற்கும் பிறகு மருத்துவ அறிவியலாளர் விருது என்று படிப்படியாகப் போகலாம். விண்ணப்பிக்கும்போது தொகையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது நேரம். வாரத்தில் எத்தனை நாள் வார்டிலிருந்து விடுவிப்பார்கள், அதைத் துறைத் தலைவர் எழுத்தில் தருவாரா? வாய்மொழியாகக் கிடைத்த ஆய்வு நேரம், டெங்கி கூடும் முதல் மாதத்திலேயே வார்டு கவனிப்பில் கரைந்துவிடும்.

பிடிக்கவில்லை என்றால் அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். கற்பித்தல் பக்கமும் நிர்வாகப் பக்கமும் இதே அளவு மதிப்புள்ள பாதைகள். பலதுறை மருந்தகத்திற்கோ சொந்தக் கிளினிக்குக்கோ போகிறவர்களுக்கு ஆடிட் மட்டும் கடைசி வரை பயன்படும். 2023 ஜூலையில் ஹெல்தியர் எஸ்ஜி என்ற தேசிய நோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியதிலிருந்து குடும்ப மருத்துவர்களுக்குத் தம்மிடம் பதிவு செய்துகொண்டவர்களின் பட்டியல் கையில் இருக்கிறது. கிளினிக்கை மூடும் முன் அதில் நீரிழிவு உள்ளவர்களை மட்டும் வடிகட்டி, ஓராண்டாகக் கண் பரிசோதனைக்குப் போகாதவர்கள் யார் என்று பார்க்கலாம். அழைக்க வேண்டிய பெயர்களை மறுநாள் காலை வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள்.